அமெரிக்காவில் துப்பாக்கியை ஏன் தடை செய்ய முடியவில்லை? 1791-ல் நடைமுறைக்கு வந்த ஒரு வாக்கியமும் ஓயாத சண்டையும்!

"பாட்டி, இன்னைக்கு எங்க ஸ்கூல்ல லாக்டவுன் டிரில். லைட் எல்லாம் ஆஃப் பண்ணிட்டு, ஒரு மூலையில சத்தம் போடாம உட்கார்ந்திருந்தோம்..."

மகனோ மகளோ அமெரிக்காவில் இருக்கும் வீடுகளில், வீடியோ காலில் பேரப்பிள்ளைகள் இப்படிச் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். நம்ம ஊர்ப் பள்ளிகளில் தீ விபத்து ஒத்திகை நடக்கும். அங்கே அதோடு சேர்த்து, யாராவது துப்பாக்கியோடு உள்ளே நுழைந்துவிட்டால் எப்படி ஒளிந்துகொள்வது என்றும் ஒத்திகை நடக்கிறது. நாலைந்து வயதுக் குழந்தைகளுக்கும் இது உண்டு.

அமெரிக்காவில் துப்பாக்கிச்சூடு என்று பிரேக்கிங் நியூஸ் ஓடும்போதெல்லாம் நம்ம வீட்டு ஹாலில் எழும் கேள்வி ஒன்றுதான்: "அவ்வளவு பெரிய வல்லரசு. ஒரு சட்டம் போட்டுத் தடை பண்ணிட்டுப் போக வேண்டியதுதானே?"

நேரடியான பதில்: இன்றைய நிலையில் சட்டப்படியே முடியாது. அதிபர் உத்தரவு போட்டாலும் நிற்காது, நாடாளுமன்றம் சாதாரணமாக ஒரு சட்டம் கொண்டுவந்தாலும் நிற்காது. ஏன்? விரிவாகப் பார்க்கலாம்.

எத்தனை துப்பாக்கி, எத்தனை உயிர்?

அமெரிக்காவில் பொதுமக்களிடம் இருக்கும் துப்பாக்கிகளுக்கு அரசிடமே முழுக் கணக்கு கிடையாது. துப்பாக்கி உரிமையாளர்களின் தேசியப் பட்டியலை அரசு தயாரிக்கக் கூடாது என்று 1986-ம் ஆண்டுச் சட்டம் ஒன்று தடுக்கிறது. ஜெனீவாவைச் சேர்ந்த 'ஸ்மால் ஆர்ம்ஸ் சர்வே' அமைப்பு 2018-ல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, சுமார் 39.3 கோடி துப்பாக்கிகள். அதாவது 100 பேருக்கு 120. மக்கள்தொகையைவிடத் துப்பாக்கி அதிகம்!

ஆனால் வீட்டுக்கு வீடு துப்பாக்கி இருக்கிறது என்று அர்த்தமில்லை. பெரியவர்களில் சுமார் மூன்றில் ஒருவர்தான் தன்னிடம் துப்பாக்கி இருப்பதாகக் கருத்துக்கணிப்புகளில் சொல்கிறார். ஒருவரே பல துப்பாக்கிகள் வைத்திருப்பதால்தான் எண்ணிக்கை இப்படி ஏறுகிறது.

2023-ல் துப்பாக்கியால் இறந்தவர்கள் சுமார் 46,700 பேர். இதில்:

• தற்கொலை: சுமார் 27,300
• கொலை: சுமார் 17,900
• மீதி: விபத்து, போலீஸ் துப்பாக்கிச்சூடு, காரணம் தெளிவாகாதவை

முதல் வரியை இன்னொரு முறை பாருங்கள். பாதிக்கும் மேல் தற்கொலை. டி.வி.யில் நாம் பார்க்கும் பள்ளி, மால், சர்ச் துப்பாக்கிச்சூடுகள் மொத்த மரணங்களில் மிகச் சிறிய பங்குதான். கொலைகளிலும் பெரும்பாலானவை, எல்லோரும் பேசும் ராணுவ ரக ரைபிளால் நடப்பதில்லை. சாதாரணக் கைத்துப்பாக்கியால் நடக்கின்றன. இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் இங்கேதான் திரும்பி வரப்போகிறோம்.

இன்னொரு தகவல்: 2020-ல் வாகன விபத்தையும் முந்திக்கொண்டு, 1 முதல் 19 வயது வரையிலானவர்களின் உயிரிழப்புக்கு முதல் காரணமாகத் துப்பாக்கி ஆனது.

அந்த 27 சொற்கள் என்ன சொல்கின்றன?

எல்லாம் தொடங்குவது அமெரிக்க அரசியல் சாசனத்தின் இரண்டாவது திருத்தத்தில். 1791 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. ஆங்கிலத்தில் மொத்தமே 27 சொற்கள், ஒரே வாக்கியம். அதன் சாரம் இதுதான்: சுதந்திர நாட்டின் பாதுகாப்புக்கு ஒழுங்கான மக்கள் படை அவசியம் என்பதால், ஆயுதம் வைத்திருக்கவும் ஏந்தவும் மக்களுக்கு உள்ள உரிமையில் கைவைக்கக் கூடாது.

வாக்கியத்தில் இரண்டு பாதி இருக்கிறது. முதல் பாதி 'மக்கள் படை', இரண்டாம் பாதி 'மக்களின் உரிமை'. சண்டையே இந்த இரண்டுக்கும் என்ன உறவு என்பதில்தான்.

• முதல் பாதியை அழுத்திப் படித்தால்: மக்கள் படைக்காகத்தான் இந்த உரிமை. இன்று அப்படிப்பட்ட படையே இல்லை. எனவே துப்பாக்கியை அரசு தாராளமாகக் கட்டுப்படுத்தலாம்.
• இரண்டாம் பாதியை அழுத்திப் படித்தால்: முதல் பாதி ஒரு காரணத்தைச் சொல்கிறது, அவ்வளவுதான். உரிமை ஒவ்வொரு தனி மனிதருக்கும் சொந்தம்.

எதற்கு இப்படி எழுதினார்கள்? பிரிட்டிஷ் மன்னரின் ராணுவத்தோடு போரிட்டுச் சுதந்திரம் வாங்கிய கையோடு எழுதியது. மத்திய அரசு ஒரு பெரிய நிரந்தர ராணுவத்தை வைத்து மக்களை அடக்கிவிடுமோ என்ற பயம் அப்போது நிஜமாகவே இருந்தது. அன்றைய துப்பாக்கி, ஒரு முறை சுட்டுவிட்டு மறுபடி மருந்தும் குண்டும் திணிக்க வேண்டிய ரகம். இன்று கடையில் வாங்கும் ஏஆர்-15 ரைபிளில் 30 தோட்டா மேகசின் சாதாரணம்.

கோர்ட் எப்போது கட்சி மாறியது?

1939-ல் குழாய் வெட்டிய ஷாட்கன் தொடர்பான வழக்கில், மக்கள் படைக்கும் இந்த ஆயுதத்துக்கும் சம்பந்தம் இருப்பதாகத் தெரியவில்லை என்று சொல்லிக் கட்டுப்பாட்டை ஏற்றது உச்ச நீதிமன்றம். அதன்பிறகு சுமார் 70 ஆண்டுகள் கீழ்க் கோர்ட்டுகள் பெரும்பாலும் 'முதல் பாதி' வாசிப்பையே பின்பற்றின.

2008-ல் எல்லாம் மாறியது. தலைநகர் வாஷிங்டனில் 1976 முதல் கைத்துப்பாக்கிக்குத் தடை இருந்தது. அரசுக் கட்டடத்தில் துப்பாக்கியோடு காவல் பணி செய்த ஒருவர், வீட்டிலும் ஒன்று வைத்துக்கொள்ள அனுமதி கேட்டு வழக்குப் போட்டார். 'ஹெல்லர்' வழக்கு என்று இதைச் சொல்வார்கள். 5-க்கு 4 என்ற மயிரிழைப் பெரும்பான்மையில் தீர்ப்பு: தற்காப்புக்காக வீட்டில் துப்பாக்கி வைத்திருப்பது தனிமனித உரிமை.

யோசித்துப் பாருங்கள். இரண்டாவது திருத்தம் நடைமுறைக்கு வந்து 217 ஆண்டுகள் கழித்துத்தான் உச்ச நீதிமன்றம் இதை வெளிப்படையாகச் சொன்னது. 2010-ல் சிகாகோ வழக்கில், இந்த உரிமை மாநிலங்களையும் நகரங்களையும் கட்டுப்படுத்தும் என்றது. 'கைத்துப்பாக்கிக்கு முழுத் தடை' என்ற கதவு அத்தோடு மூடிவிட்டது.

ஆனால் ஹெல்லர் தீர்ப்பை எழுதிய நீதிபதி ஆன்டனின் ஸ்காலியாவே, இது எல்லையில்லாத உரிமை அல்ல என்று அதிலேயே குறிப்பிட்டார். குற்றவாளிகளிடம் துப்பாக்கி போகாமல் தடுப்பது, பள்ளி போன்ற இடங்களில் தடை போடுவது, விற்பனைக்கு நிபந்தனை விதிப்பது எல்லாம் செல்லும் என்றார். இன்றைய சண்டை முழுவதும் இந்த இடைவெளியில்தான் நடக்கிறது.

"எங்களுக்கு ஏன் துப்பாக்கி வேண்டும்?" ஆதரவாளர்களின் வாதம்

இவர்களை வன்முறைப் பிரியர்கள் என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிட்டால் இந்த விவாதமே புரியாது.

முதலாவது, தற்காப்பு. பக்கத்து வீடே சில கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கிராமப்புறங்கள் அங்கே அதிகம். போன் பண்ணினால் போலீஸ் வர அரை மணி நேரம்கூட ஆகலாம். அந்த அரை மணி நேரம் யார் காப்பாற்றுவது என்கிறார்கள். ஒரு தனிநபரைக் காப்பாற்றுவது போலீஸின் அரசியல் சாசனக் கடமை அல்ல என்ற ரீதியில் 2005-ல் உச்ச நீதிமன்றமே ஒரு வழக்கில் தீர்ப்பளித்ததையும் சுட்டிக்காட்டுகிறார்கள்.

இரண்டாவது, சட்டத்தை மதிப்பவன்தானே லைசென்ஸ் எடுப்பான், ரவுடி எடுப்பானா என்ற கேள்வி. 39 கோடி துப்பாக்கி ஏற்கெனவே வெளியே இருக்கும்போது, தடை போட்டால் நல்லவர்கள் கையில் இருப்பது மட்டும்தான் போகும் என்பது இவர்கள் கவலை.

மூன்றாவது, அரசின் மீதான சந்தேகம். இதில் கறுப்பின மக்களின் அனுபவமும் உண்டு. வெள்ளையர் கும்பல்கள் தாக்கிய காலத்தில், காவல்துறை காப்பாற்றாதபோது துப்பாக்கி வைத்துத் தங்களைக் காத்துக்கொண்டவர்கள் அவர்கள்.

ஒரு ட்விஸ்ட் கேளுங்கள். 1967-ல் கலிபோர்னியாவில் 'பிளாக் பேந்தர்ஸ்' அமைப்பினர் துப்பாக்கி ஏந்தி ரோந்து போனார்கள். உடனே, பொது இடத்தில் தோட்டா நிரப்பிய துப்பாக்கி எடுத்துச் செல்லத் தடை வந்தது. அந்தச் சட்டத்தில் கையெழுத்துப் போட்ட ஆளுநர் யார் தெரியுமா? பின்னாளில் துப்பாக்கி உரிமையாளர்களின் நாயகனாகி அதிபரான ரொனால்ட் ரீகன்!

"உயிரைவிட உரிமை பெரிதா?" எதிர்ப்பாளர்களின் வாதம்

கோபம், போதை, மன அழுத்தம் எல்லா நாட்டிலும் இருக்கிறது. ஆனால் அந்தக் கோபத்தின் கையில் ஒரு துப்பாக்கி சுலபமாகக் கிடைப்பது அமெரிக்காவில்தான் என்பது இவர்களின் அடிப்படை வாதம். கைகலப்பில் முடிய வேண்டிய சண்டை கொலையாகிறது.

சட்டத்தில் உள்ள ஓட்டைகளையும் அடுக்குகிறார்கள்:

• லைசென்ஸ் பெற்ற கடையில் வாங்கினால் பின்னணிச் சோதனை கட்டாயம். ஆனால் தனிநபர் இன்னொரு தனிநபருக்கு விற்றால், மத்திய சட்டப்படி சோதனை தேவையில்லை. சில மாநிலங்கள் மட்டும் தனியாகச் சட்டம் போட்டு இதைத் தடுத்திருக்கின்றன.
• சோதனை முடிவு 3 வேலை நாளில் வராவிட்டால் கடைக்காரர் விற்றுவிடலாம். 2015-ல் சார்ல்ஸ்டன் நகர தேவாலயத்தில் 9 பேரைக் கொன்றவருக்குத் துப்பாக்கி கிடைத்தது இப்படித்தான்.
• மத்திய சட்டப்படி கடையில் கைத்துப்பாக்கி வாங்க 21 வயது ஆக வேண்டும். ரைபிள் வாங்க 18 போதும்.

ஒரே பள்ளி, இரண்டு பாடம்

2022 மே 24. டெக்சாஸ் மாநிலம் உவால்டே. 18 வயது நிரம்பியதும் கடையில் சட்டப்படி ரைபிள் வாங்கிய ஒரு இளைஞன், தொடக்கப் பள்ளிக்குள் புகுந்து 19 குழந்தைகளையும் 2 ஆசிரியைகளையும் கொன்றான். அன்று அங்கே திரண்ட போலீஸார் 376 பேர். வகுப்பறைக் கதவைத் திறந்து உள்ளே போக அவர்கள் எடுத்துக்கொண்ட நேரம் 77 நிமிடம்.

துப்பாக்கி ஆதரவாளர்கள் சொன்னார்கள்: "பார்த்தீர்களா, போலீஸை நம்ப முடியாது. நம்மிடமே துப்பாக்கி இருக்க வேண்டும்." எதிர்ப்பாளர்கள் சொன்னார்கள்: "பார்த்தீர்களா, 376 ஆயுதப் போலீஸாரையே ஒரே ஒரு ரைபிள் தடுத்து நிறுத்திவிட்டது. அதைப் போய் 18 வயதுப் பையனுக்கு விற்கலாமா?"

ஒரே சம்பவம் இரண்டு தரப்புக்கும் தங்கள் நம்பிக்கையை இன்னும் உறுதியாக்கியது. ஒவ்வொரு சம்பவத்துக்குப் பிறகும் விவாதம் நகராமல் அதே இடத்தில் நிற்பது இதனால்தான்.

10-ல் 8 பேர் கேட்டும் சட்டம் வராதது ஏன்?

தனிநபர் விற்பனைக்கும் பின்னணிச் சோதனை வேண்டும் என்பதைக் கருத்துக்கணிப்புகளில் 10-ல் 8 பேர் வாக்கில் ஆதரிக்கிறார்கள். துப்பாக்கி வைத்திருப்பவர்களிலும் பலர் இதில் அடக்கம். அப்புறம் ஏன் வரவில்லை?

விடை செனட் சபையில் இருக்கிறது. சுமார் 3.9 கோடி மக்கள் உள்ள கலிபோர்னியாவுக்கும் 2 செனட்டர். 6 லட்சம்கூட இல்லாத வயோமிங்குக்கும் 2 செனட்டர். துப்பாக்கி அதிகம் உள்ள சின்ன, கிராமப்புற மாநிலங்களுக்கு இதனால் பலம் கூடுகிறது. போதாததற்கு, பெரும்பாலான சட்டங்களுக்கு 100-ல் 51 போதாது, நடைமுறையில் 60 ஓட்டு வேண்டும்.

2012 டிசம்பரில் சாண்டி ஹூக் தொடக்கப் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் கொல்லப்பட்டார்கள். நாடே அழுதது. நாலு மாதம் கழித்துப் பின்னணிச் சோதனை மசோதா ஓட்டெடுப்புக்கு வந்தது. ஆதரவு 54, எதிர்ப்பு 46. பெரும்பான்மை இருந்தும் தோற்றது.

இதன் பின்னால் என்.ஆர்.ஏ. எனும் தேசிய ரைபிள் சங்கமும் உண்டு. 1871-ல் குறிபார்த்துச் சுடும் பயிற்சிக்காகத் தொடங்கிய அமைப்பு அது. 1977-ல் நடந்த ஆண்டுக் கூட்டத்தில் தீவிர உரிமைவாதிகள் தலைமையைக் கைப்பற்றிய பிறகு, அது ஒரு அரசியல் சக்தியானது. பணத்தைவிட அதன் உண்மையான பலம், இந்த ஒரே விஷயத்துக்காக ஓட்டுப் போடும் உறுப்பினர்கள்.

அரசியல் சாசனத்தையே திருத்தினால்? இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவும், 50-ல் 38 மாநிலங்களின் ஒப்புதலும் வேண்டும். 13 மாநிலங்கள் மறுத்தாலே கதை முடிந்தது.

"1791-ல் இப்படிச் சட்டம் இருந்ததா?"

உவால்டே படுகொலைக்குச் சரியாக ஒரு மாதம். 2022 ஜூன் 23 அன்று உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்ற கணக்கில் இன்னொரு பெரிய தீர்ப்பைத் தந்தது. வெளியில் கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லத் தனிப்பட்ட காரணம் காட்ட வேண்டும் என்ற நியூயார்க்கின் 100 ஆண்டுப் பழமையான சட்டம் ரத்து.

அதைவிட முக்கியம், அந்தத் தீர்ப்பு போட்ட புது அளவுகோல். ஒரு துப்பாக்கிச் சட்டம் உயிரைக் காக்கிறதா என்று கோர்ட் பார்க்காது. நாட்டின் வரலாற்று மரபில் அதைப் போன்ற கட்டுப்பாடு இருந்ததா என்றுதான் பார்க்கும்.

இதன் விளைவு என்ன தெரியுமா? குடும்ப வன்முறை காரணமாகக் கோர்ட் தடை உத்தரவு பெற்றவர்கள் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்று ஒரு மத்திய சட்டம் இருக்கிறது. அந்தக் காலத்தில் இப்படிச் சட்டம் இல்லை என்று சொல்லி, 2023-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று அதைச் செல்லாது என்றது. மனைவியை அடிப்பதே பெரிய குற்றமாகக் கருதப்படாத காலம் அது! நல்லவேளையாக 2024 ஜூனில் உச்ச நீதிமன்றம் 8-க்கு 1 என்ற கணக்கில் அந்தச் சட்டத்தைக் காப்பாற்றியது. அச்சு அசலாக அதே சட்டம் தேவையில்லை, அதே கொள்கை இருந்தால் போதும் என்றது.

மற்ற நாடுகள் எப்படிச் செய்தன?

1996-ல் ஆஸ்திரேலியாவின் போர்ட் ஆர்தரில் 35 பேர் கொல்லப்பட்டார்கள். 12 நாளில் பிரதமர் ஜான் ஹோவர்ட், எல்லா மாநிலங்களையும் புதுக் கட்டுப்பாடுகளுக்கு இணங்க வைத்தார். அவர் பழமைவாதக் கட்சிக்காரர் என்பது கவனிக்க வேண்டியது. சுமார் 6.5 லட்சம் துப்பாக்கிகளை அரசு காசு கொடுத்து வாங்கி அழித்தது. 2019-ல் கிறைஸ்ட்சர்ச் மசூதிகளில் 51 பேர் கொல்லப்பட்டபோது, நியூசிலாந்து ஒரே மாதத்துக்குள் சட்டத்தை மாற்றியது.

இந்த நாடுகளில் துப்பாக்கி என்பது அரசு தரும் அனுமதி. அமெரிக்காவில் அது அரசியல் சாசன உரிமை. வித்தியாசமே அங்கேதான்.

நம் நாடும் இந்தக் கேள்வியைச் சந்தித்திருக்கிறது. 1931 கராச்சி காங்கிரஸ் தீர்மானத்தில், கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமை இருந்தது. ஆங்கிலேயர் 1878-ல் கொண்டுவந்த ஆயுதச் சட்டத்தின் மீதான கோபம் அது. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச்.வி.காமத் இதை அடிப்படை உரிமையாகச் சேர்க்கச் சொன்னார். உரிமை என்று எழுதிவிட்டால் கொள்ளைக்காரர்களும் அதைக் கேட்பார்களே என்ற ரீதியில் அம்பேத்கர் மறுத்தார். நம் சாசனத்தின் 19-வது பிரிவு, அமைதியாகவும் 'ஆயுதமின்றியும்' கூடும் உரிமையைத் தருகிறது. துப்பாக்கி வேண்டுமென்றால் 1959 ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் வாங்க வேண்டும்.

அப்போ அமெரிக்காவில் வழியே இல்லையா?

முழுத் தடை என்ற வழி இல்லை. ஆனால் ஆரம்பத்தில் பார்த்த கணக்கை இப்போது நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். பாதிக்கும் மேல் தற்கொலை. தற்கொலை எண்ணம் பலருக்குச் சில நிமிடங்களில், சில மணி நேரத்தில் தணிந்துவிடக்கூடியது. வேறு வழிகளில் முயன்றவர்களில் பெரும்பாலோர் பிழைத்து, வாழ்க்கைக்குத் திரும்புகிறார்கள். துப்பாக்கி மட்டும் 10-ல் சுமார் 9 பேருக்கு அந்த வாய்ப்பைத் தருவதில்லை.

அப்படியென்றால் துப்பாக்கியைப் பறிக்கத் தேவையில்லை. அந்தச் சில மணி நேரம் அது கைக்கு எட்டாமல் இருந்தாலே உயிர் மிஞ்சும். அரசியல் மேடையில் கைதட்டல் வாங்காத சின்னச் சின்ன நடவடிக்கைகள் இதற்குத்தான்:

• தோட்டாவைத் தனியாக வைத்து, துப்பாக்கியைப் பூட்டி வைக்கும் சட்டங்கள்.
• ஆபத்தான மனநிலையில் இருப்பவரிடமிருந்து கோர்ட் உத்தரவு மூலம் தற்காலிகமாகத் துப்பாக்கியை வாங்கி வைக்கும் 'ரெட் ஃபிளாக்' சட்டம். 20-க்கும் மேற்பட்ட மாநிலங்களில் இருக்கிறது.
• 21 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குக் கூடுதல் பின்னணிச் சோதனை. உவால்டேவுக்குப் பிறகு, இரு கட்சிகளும் சேர்ந்து 2022 ஜூனில் நிறைவேற்றிய சட்டம் இதைக் கொண்டுவந்தது. சுமார் 30 ஆண்டுகளில் வந்த பெரிய மத்தியத் துப்பாக்கிச் சட்டம் அதுதான்.

2021-ல் மிச்சிகனில் 15 வயது மாணவன் 4 சக மாணவர்களைச் சுட்டுக்கொன்ற வழக்கில், வீட்டுத் துப்பாக்கியைப் பத்திரப்படுத்தாத பெற்றோரை 2024-ல் குற்றவாளிகள் என்று கோர்ட் அறிவித்தது. பள்ளித் துப்பாக்கிச்சூட்டுக்காகப் பெற்றோரே இப்படித் தண்டிக்கப்பட்டது அமெரிக்காவில் அதுவே முதல் முறை.

அமெரிக்காவில் உங்கள் பிள்ளைகள் இருந்தால், அவர்களிடம் சொல்ல ஒரு விஷயம் இருக்கிறது. பேரனோ பேத்தியோ நண்பர் வீட்டுக்கு விளையாடப் போகும்முன், "உங்க வீட்டுல துப்பாக்கி இருக்கா? பூட்டி வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டுவிடச் சொல்லுங்கள். அங்குள்ள குழந்தை மருத்துவர்களே கேட்கச் சொல்லும் கேள்விதான் இது. நாய் இருக்கா, நீச்சல் குளம் இருக்கா என்று கேட்பதுபோல சகஜமாகக் கேட்கலாம். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

27 சொற்களுக்கு என்ன அர்த்தம் என்று கோர்ட்டும் செனட்டும் இன்னும் எத்தனை ஆண்டு சண்டை போட்டாலும் போடட்டும். அந்த ஒரு கேள்வியைக் கேட்க யாருடைய ஓட்டும் தேவையில்லை.

(தற்கொலை எதற்கும் தீர்வல்ல. மன உளைச்சல் இருந்தால் தமிழ்நாடு அரசின் 104, டெலி மானஸ் 14416 ஆகிய எண்களை அழைத்து இலவச ஆலோசனை பெறலாம்.)